தீர்ப்போடு மருந்தும் நிற்பதா?

முன்னாள் படைவீரர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் திருச்சி குடும்ப நீதிமன்றம் மணவிலக்கு வழங்கும்போது, தீர்ப்பில் ஒரு வரிகூட எழுதப்படாத தண்டனை ஒன்றும் அந்தப் பெண்மணியின் தலையில் சேர்ந்தே விழுகிறது. வீடு யாருக்கு, நகை எங்கே, பிள்ளை யாரிடம் வளர்வது, ஜீவனாம்சம் மாதம் எவ்வளவு என்பதெல்லாம் விசாரணைக்கு வரும். இத்தனை வருடமாக அவர் கையில் வைத்திருந்த ஈ.சி.எச்.எஸ். மருத்துவக் கார்டு இனி என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் வழக்கமாக எந்தப் பக்கத்திலிருந்தும் எழுவதில்லை. கேள்வியே எழாமல் அது செல்லாததாகிவிடுகிறது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மூட்டு வலியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் ஐம்பது வயதில், நாட்டின் பாதுகாப்பு அமைச்சகம் அவரை மருத்துவப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறது.

இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். விதி அப்படித்தான் என்ற பதிலை ஏற்கத் தயாராக இல்லை. இந்த விதியைக் கையில் வைத்திருப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறை. திருத்த வேண்டியதும் அதுவே.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுவோம். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் (ஈ.சி.எச்.எஸ்.) 2003 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஓய்வுபெற்ற சிப்பாய்க்கும் அவர் குடும்பத்துக்கும் ராணுவ மருத்துவமனையில் இடமிருந்தால்தான் சிகிச்சை. அப்படி ஒரு மருத்துவமனை பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்கள் கடன் வாங்கித் தனியாரிடம் போனார்கள். அந்த அவலத்தைத் தீர்க்க வந்த நல்ல திட்டம் இது. நாடெங்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இயங்குகின்றன. திருச்சியிலும் ஒன்று உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. பாலிகிளினிக் மருத்துவர் பார்த்து ரெஃபரல் எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து காசு போடாமல் சிகிச்சை பெறலாம். மாத மருந்துகளும் அங்கேயே கிடைக்கும். ஓய்வுபெறும்போது ஒரே ஒரு முறை பங்களிப்புத் தொகை கட்டினால் போதும்; வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு. 2017 டிசம்பர் ஆணைப்படி ஹவில்தார் வரையிலானவர்களுக்கு ₹30,000, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை ₹67,000, அதிகாரிகளுக்கு ₹1,20,000.

இந்தத் தொகையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதைக் கட்டியது யார் என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

திட்டத்தில் யாரெல்லாம் சேரலாம்? ஓய்வூதியர், சட்டப்படி மணந்த துணை, 25 வயது வரை வேலையில்லாத மகன், திருமணமாகாத மகள், மாத வருமானம் ₹9,000-மும் அகவிலைப்படியும் தாண்டாத பெற்றோர். இவர்களோடு, கணவரை இழந்தோ விவாகரத்தாகியோ தந்தையைச் சார்ந்து வாழும் மகளுக்கும் இடமுண்டு. இது வரவேற்க வேண்டிய ஏற்பாடு. மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு மருத்துவ உதவி தேவைப்படும் என்பதை அமைச்சகம் நன்றாகவே உணர்ந்திருக்கிறது என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று.

அப்படியானால் ஒரே வீட்டைப் பாருங்கள். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவருக்கு மணவிலக்கான மகள் இருக்கிறார். அவரும் மனைவியைப் பிரிந்து சட்டப்படி விலக்குப் பெற்றுவிட்டார். மகளுக்குக் கார்டு உண்டு. அந்த மகளைப் பெற்று, லடாக்கிலும் நாகாலாந்திலும் அவர் காவல் நின்ற காலத்தில் தனியாளாக வளர்த்த தாய்க்குக் கிடையாது. இருவரும் மணவிலக்கான பெண்கள்தான். இருவருக்கும் சொந்த வருமானம் இல்லை. ஒருவருடைய நோய் அரசின் கண்ணில் படுகிறது, மற்றவருடையது படவில்லை. எந்த நியாயப்படி இது சரி என்று முன்னாள் படைவீரர் நலத்துறை எழுத்துமூலம் விளக்கட்டும். விளக்க முடியாது என்பதே நம் உறுதியான கருத்து.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஓரமாக வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பத்தாவது படிக்கிறான், தாயிடம் வளர்கிறான். மணவிலக்கு தாய்க்கும் தந்தைக்கும் இடையில்தான், எனவே பிள்ளையின் கார்டு உயிரோடு இருக்கிறது. காய்ச்சல் விடவில்லை என்று அவனை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நெரிபட்டு, பாலிகிளினிக்குக்குக் கூட்டிவருகிறார். பதிவு கவுன்ட்டரில் பிள்ளையின் கார்டைத் தேய்க்கிறார்கள், பெயர் வருகிறது, டோக்கன் தருகிறார்கள். டாக்டர் அறைக்குள் அவர் பிள்ளையோடு போகலாம். பிள்ளையின் நாக்கைப் பார்த்து மருந்து எழுதும் அதே டாக்டரிடம், மூன்று நாளாகத் தனக்குத் தலை சுற்றுகிறது, பிரஷர் பாருங்கள் என்று அவர் கேட்க முடியாது. போன வருடம் வரை அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியவர்தான் அவர். மருந்தகத்தில் பிள்ளைக்கான பாராசிட்டமாலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தனக்கான டெல்மிசார்டானைத் தெருமுனை மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அந்தக் கவுன்ட்டரில் இருப்பவரைக் குறை சொல்லவில்லை. அவர் மனம் இளகினாலும் கணினி திறக்காது. கணினியைப் பூட்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள்.

பட்டாளத்துக்காரர் மனைவியின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைத் திருச்சிக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கார்கில் போரில் 1999 மே மாதம் பட்டாலிக் மலையில் வீழ்ந்த மேஜர் சரவணனின் நினைவிடத்தைக் கன்டோன்மென்ட் பகுதியில் தினமும் கடந்து போகிறவர்கள் நாம். காந்தி மார்க்கெட்டில் முதல் உலகப் போருக்குப் போன இந்த ஊர்க்காரர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலை நம்முடைய ஊரில் இருக்கிறது. படைவீரனை மதிக்கத் தெரிந்த ஊர் இது. ஆனால் அந்த வீரன் எல்லையில் நின்ற காலத்தில், வீட்டில் இருந்தவர் என்ன செய்தார் என்பதற்கு எங்கும் கல்வெட்டு இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை லீவு. ஃபீல்டு ஏரியாவில் போட்டால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால், ஜபல்பூரோ பதிண்டாவோ, பாத்திரம் பண்டங்களை டிரங்குப் பெட்டியில் அடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். அங்கே இரண்டு வருடமோ மூன்று வருடமோ. டீச்சர் வேலை கிடைத்தால் நிரந்தரமாவதற்குள் மாற்றல். பி.எட். படித்த பெண்கள் எத்தனையோ பேர், சொந்தமாக ஒரு பி.எஃப். கணக்குகூட இல்லாமல் நாற்பதைக் கடந்திருக்கிறார்கள். மாமனாரின் பக்கவாதத்தைப் பார்த்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடியது, நிலத் தகராறுக்குத் தாலுகா ஆபீஸில் நின்றது எல்லாம் அவர்தான். சீருடை போடாமலேயே அவரும் பட்டாளத்துக்கு உழைத்தார். அவர் சொந்தமாகச் சம்பாதிக்க முடியாமல் போனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, ராணுவத்தின் மாற்றல் உத்தரவுகள்.

இனி அந்தப் பங்களிப்புத் தொகைக்கு வருவோம். ஹவில்தார் ஓய்வுபெறும்போது கட்டிய ₹30,000 யாருடைய பணம்? கணவர் வெளியூரில் சம்பாதிக்க, மனைவி வீட்டை நடத்தி மிச்சம் பிடித்த குடும்பத்தின் பொதுச் சொத்து விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதமே தெளிவாகப் பேசிவிட்டது. சவூதி அரேபியாவில் வேலை பார்த்த கணவர், நெய்வேலியில் வீட்டைக் கவனித்த மனைவி என்று அமைந்த அந்த வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பும் குடும்பச் சொத்தை உருவாக்கிய பங்களிப்பே என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஏற்று, அவருக்குச் சரிபாதி உரிமையை உறுதிசெய்தார். சவூதிக்குப் பதில் சியாச்சினைப் போட்டுப் பாருங்கள். வேறென்ன மாறுகிறது? அந்தப் பங்களிப்புத் தொகையில் மனைவிக்கும் பாதியுண்டு. வாழ்நாள் பாதுகாப்பு என்று சொல்லி வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு, அவருடைய வாழ்நாளின் பாதியில் கதவைச் சாத்த அரசுக்கு என்ன உரிமை?

நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த அமைச்சகத்தைவிட மனிதத்தன்மையோடு நடந்துகொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு, பழைய 125-ஆம் பிரிவைப் போலவே, மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணையும் ஜீவனாம்சத்துக்கு 'மனைவி' என்றே கொள்கிறது. கணவரின் கடமை தீர்ப்போடு தீர்ந்துவிடாது என்பது நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட கொள்கை. அதே 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், முஸ்லிம் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று மீண்டும் உறுதிசெய்தது. ஒரு தனி மனிதரின் மீது சட்டம் சுமத்தும் கடமையை, அவருடைய உழைப்பை 15 வருடம், 20 வருடம், 28 வருடம் வாங்கிக்கொண்ட அரசு தன் தோளிலிருந்து மட்டும் இறக்கிவைத்துக்கொள்வது எப்படி?

படையில் இருக்கும் வரை ராணுவத்துக்கே இந்தப் பொறுப்பு தெரிந்திருக்கிறது. மனைவியையும் பிள்ளைகளையும் கவனிக்காத வீரரின் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுக்க 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 90, 91-ஆம் பிரிவுகள் வழிசெய்கின்றன. 2001-ஆம் ஆண்டின் ராணுவ ஆணைப்படி மனைவிக்குச் சம்பளத்தில் 22 சதவீதம் வரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5.5 சதவீதம், மொத்தம் 33 சதவீதத்துக்கு மிகாமல் பிடிக்கலாம். கைவிடப்பட்ட எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியவிட்ட ஏற்பாடு இது. ஆனால் அவர் ஓய்வுபெற்றதும் சம்பளமே இல்லை; மணவிலக்கு ஆனதும் மனைவி என்ற நிலையே இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து வரும் வயதுதான் நோய்களும் சேர்ந்து வரும் வயது. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் எல்லா வலைகளும் ஒரே நேரத்தில் அறுந்துவிடுகின்றன.

தனியாக இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். சொல்வது சுலபம். ஒரு கம்பெனி பாலிசியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். ஈ.சி.எச்.எஸ். என்பது இன்சூரன்ஸ் பாலிசி இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வராத அரசுத் திட்டம். அதில் இருபது வருடம் இருந்தாலும் தனியார் கம்பெனியின் கண்ணுக்கு அவர் நேற்றுப் புதிதாக வந்தவர். சர்க்கரை, பிரஷர், இதயம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 2024-ஆம் ஆண்டின் விதிகள் அனுமதிக்கும் காத்திருப்பு 36 மாதம் வரை. அதற்கு முன்பு 48 மாதமாக இருந்ததைக் குறைத்தார்கள், நல்லது. 65 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதுப் பாலிசி கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலையையும் மாற்றினார்கள், அதுவும் நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இருந்தும், நோயோடு வரும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, எந்த நோய்க்காகப் பாலிசி எடுக்கிறாரோ அந்த நோய்க்கே மூன்று வருடம் பணம் கட்டிக் காத்திருக்கச் சொல்வதுதான் நிலைமை. மாதம் பத்தாயிரம் ஜீவனாம்சத்தில் வாடகை போக மிச்சம் என்ன இருக்கும், அதில் பிரீமியத்துக்கு எங்கே போவார்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை. தமிழகத்தின் பெருமைக்குரிய திட்டங்களில் ஒன்று. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவமும் 2021 முதல் நடக்கிறது. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் வாசல் யாருக்கும் மூடியதில்லை, ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையும் அப்படியே. இவற்றுக்கு நன்றியோடுதான் பேசுகிறோம். ஆனால் முதலமைச்சர் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். ஜீவனாம்சத்தை வருமானமாகச் சேர்த்துக் கிராம நிர்வாக அலுவலர் எழுதிவிட்டால், பன்னிரண்டாயிரம் வாங்குகிறவர் வரம்புக்கு வெளியே நிற்பார். குடும்ப அட்டையும் வேண்டும். அவர் பெயரோ இன்னும் முன்னாள் கணவரின் ஸ்மார்ட் கார்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பெயரை நீக்க இணையத்தில் போனால் ஓ.டி.பி. கணவரின் போனுக்குப் போகும். ஆறு வருடம் கோர்ட்டில் எதிரெதிராக நின்ற மனிதரிடம் ஓ.டி.பி. கேட்டு நிற்க வேண்டிய நிலைமைக்கு ஒரு பெண்ணைத் தள்ளுவது அநியாயம். இதில் மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு.

அரசு மருத்துவமனை எல்லோருக்கும் இருக்கும்போது தனியாக எதற்கு என்று கேட்பவர்கள், அதே கேள்வியை முன்னாள் படைவீரரிடமும் கேட்கத் துணிவார்களா? மாட்டார்கள். நாட்டுக்கு உழைத்தவருக்குத் தனிக் கவனம் உரியது என்பதால்தான் ஈ.சி.எச்.எஸ். பிறந்தது. அந்த உழைப்பில் பங்கெடுத்தவருக்கும் அந்தக் கவனம் உரியது.

பணம் இல்லை என்ற வாதமும் வரும். மருத்துவமனைகளுக்கான பில் பாக்கி தேங்கிக் கிடப்பது, அதனால் சில மருத்துவமனைகள் ஈ.சி.எச்.எஸ். நோயாளி என்றாலே முகம் சுளிப்பது எல்லாம் ஓய்வூதியர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அந்தக் குறையை நாம் மறைக்கவில்லை. ஆனால் 2024-25 பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ₹6,968 கோடி. 2025-26-இல் ₹8,317 கோடி. இந்தத் தொகையில், நீண்ட காலம் மணவாழ்க்கை நடத்தி, மறுமணம் செய்யாமல், சொந்த வருமானம் இல்லாமல் இருக்கும் முன்னாள் மனைவியர் என்ற குறுகிய வட்டத்துக்கு இடமில்லை என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. கணவர் மறுமணம் செய்தால் புது மனைவிக்கும் கார்டு போகுமே, ஒருவர் கட்டிய பங்களிப்பில் இருவரா என்றும் கேட்கலாம். முன்னாள் மனைவியிடம் தனியாக ஒரு பங்களிப்பை வாங்குங்கள், தவணையில் வாங்குங்கள். வாசலையே அடைத்துவிட்டு விலையைப் பற்றிப் பேசுவதைத்தான் எதிர்க்கிறோம்.

உலகில் யாரும் செய்யாததை நாம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தனியார் கையில் விட்ட நாடு என்று நாம் சொல்லும் அமெரிக்காவே 1982-இல் இதற்காகச் சட்டம் இயற்றியது. இருபது வருட ராணுவப் பணி, இருபது வருட மணவாழ்க்கை, இரண்டும் ஒன்றாக ஓடிய இருபது வருடம் இருந்தால், விவாகரத்தான துணைக்கு மறுமணம் செய்யும் வரை ராணுவ மருத்துவத் திட்டமான டிரைகேர் தொடரும். ஒன்றாக ஓடிய காலம் பதினைந்து வருடத்துக்கு மேல், இருபதுக்குள் என்றால் ஓராண்டு. அந்தத் தகுதியும் இல்லாதவர்கள் அறுபது நாளுக்குள் விண்ணப்பித்துப் பிரீமியம் கட்டினால் 36 மாதம் வரை இடைக்காலப் பாதுகாப்பு. அந்த நாட்டின் விதிகளிலும் கடுமை உண்டு. பத்தொன்பது வருடம் வாழ்ந்தவர் விளிம்பில் நின்று தவிக்கிறார். அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. நம் சிப்பாய் 15 வருடப் பணியிலேயே ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார்; முப்பத்தைந்து வயதில் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. இருபது வருடக் கணக்கை இங்கே வைத்தால் அதிகாரிகளின் மனைவியருக்கு மட்டும் பயன்பட்டு, சிப்பாய் வீட்டுப் பெண்கள் வெளியே நிற்பார்கள். நம் கணக்கு நம் படைக்குப் பொருந்த வேண்டும்.

எங்கள் கோரிக்கை இது. பத்து வருடம் மணவாழ்க்கை நடத்தி, அதில் பாதியாவது கணவர் படையில் இருந்த காலத்தில் கழிந்திருந்தால், மறுமணம் செய்யாத, பெற்றோருக்கு வைத்திருக்கும் அதே வருமான வரம்புக்குள் வரும் முன்னாள் துணைக்கு ஈ.சி.எச்.எஸ். உறுப்பினர் உரிமையைச் சொந்தப் பெயரில் கொடுக்க வேண்டும். 'துணை' என்றே சொல்கிறோம். படையில் பெண் அதிகாரிகள் பெருகிவரும் காலம் இது. அவர்களைப் பிரிந்த கணவருக்கும் அதே தகுதியில் அதே உரிமை. இந்த வரம்புக்குள் வராதவர்களுக்கும், தீர்ப்பு நாளிலிருந்து மூன்று வருடத்துக்குக் கட்டணத்தோடு கூடிய இடைக்காலக் கார்டு வேண்டும். மூன்று வருடம் என்பதற்குக் காரணம் உண்டு: தனியார் பாலிசியின் காத்திருப்புக் காலம் அவ்வளவுதான். இதற்குள் அவர் ஒரு பாலிசி எடுத்துக் காத்திருப்பைக் கடந்துவிடலாம், நடுவில் ஒருநாள்கூடப் பாதுகாப்பில்லாமல் நிற்க வேண்டியதில்லை. டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை போன்றவை நடந்துகொண்டிருந்தால் எந்த நிபந்தனையும் இல்லாமல் அது முடியும் வரை தொடர வேண்டும். பாதி கீமோதெரபியில் ஒருவரை எழுப்பி அனுப்பும் நிர்வாகத்துக்கு நலத்துறை என்ற பெயர் பொருந்தாது.

கார்டை ரத்து செய்யும் முன், அந்தப் பெண்ணின் முகவரிக்குப் விரைவுத் தபாலில் தமிழில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பாலிகிளினிக்கில் உள்ள அவருடைய மருத்துவக் குறிப்புகள் முழுவதையும் நகலெடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். எந்த மருந்து, எந்த அளவு, எப்போது எக்கோ எடுத்தது என்று தெரியாமல் அடுத்த மருத்துவரிடம் முதலிலிருந்து ஆரம்பிப்பதில் உயிரே போகலாம்.

தீர்ப்புக்கு முந்தைய காலமும் கொடுமையானதுதான். வழக்கு நடக்கும் வருடங்களில் அவர் இன்னும் சட்டப்படி மனைவி. கார்டுக்கு முழு உரிமை உடையவர். ஆனால் விண்ணப்பம், புதுப்பித்தல், ஆவணங்கள் எல்லாம் கணவரின் கையில். பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையின் நகல் அவரிடம், டிஸ்சார்ஜ் புத்தகம் அவரிடம். அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால், கோர்ட்டு தீர்ப்புக்கு முன்பே மனைவியின் சிகிச்சை நின்றுவிடும். வழக்கு எண்ணையும் திருமணப் பதிவையும் காட்டி மனைவியே நேரடியாக விண்ணப்பிக்க வழி வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று உறையூர் போய்வந்த நம்பெருமாளைத் தாயார் கதவடைத்து நிறுத்துவதும், நம்மாழ்வார் சமாதானம் சொல்லிச் சேர்த்துவைப்பதும் ஆண்டுதோறும் நாம் கண்குளிரப் பார்ப்பது. வீடுகளில் எல்லா ஊடலும் கூடலில் முடிவதில்லை. முடியாத இடத்தில் கதவு அடைபடுவது பெண்ணுக்குத்தான் என்று இருப்பதை மாற்றுவது அரசின் வேலை.

திருச்சி வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை. ஜீவனாம்ச வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் விரிவான நெறிமுறை வகுத்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். மருத்துவச் செலவும் அதில் அடங்கும். பட்டாளத்துக்காரர் வீட்டு வழக்கை எடுத்தால், கார்டு போகப்போகிறது, அதற்கு ஈடாக மாதம் இவ்வளவு, அல்லது மொத்தமாக இவ்வளவு என்று மனுவிலேயே எழுதுங்கள். பல பெண்கள் கார்டு போன பிறகுதான் இந்த விஷயத்தையே அறிகிறார்கள். சமரசப் பேச்சில் ஐந்து லட்சத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர், ஒரே ஆஞ்சியோபிளாஸ்டியில் அதைத் தொலைத்துவிடும் அபாயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

முன்னாள் படைவீரர் சங்கங்களும் இதில் மௌனம் காக்கக் கூடாது. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியத்துக்காக வருடக்கணக்கில் தெருவில் நின்று போராடியவர்கள் நீங்கள். அந்தப் போராட்டங்களில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் இன்று இந்தப் பட்டியலில் இல்லை. அது அவரவர் குடும்ப விவகாரம் என்று ஒதுங்கினால், உங்கள் மணவிலக்கான மகளுக்காக நீங்கள் பெற்ற உரிமையின் அடிப்படையையே மறுக்கிறவர்களாவீர்கள்.

மாநில அரசு செய்ய வேண்டியது சின்னதுதான், உடனே செய்யக்கூடியதும்கூட. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் காட்டினாலே, முன்னாள் கணவரின் போனுக்கு ஓ.டி.பி. போகாமல், தனிக் குடும்ப அட்டை வழங்கலாம். ஜீவனாம்சத்தைக் காப்பீட்டு வருமான வரம்பில் சேர்க்கக் கூடாது என்று வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை விடலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், மணவிலக்கான மனைவியருக்கு வழிகாட்ட ஒரு பணியாளருக்குப் பொறுப்பு கொடுக்கலாம். இன்று அந்த அலுவலகத்துக்கு வரும் பெண், 'நீங்கள் இனி எங்கள் பயனாளி இல்லை' என்று கேட்டுத் திரும்பும் நிலை இருக்கவே கூடாது.

திருச்சி நாடாளுமன்ற உறுப்பினர் துரை வைகோ இந்தக் கேள்வியை மக்களவையில் எழுப்ப வேண்டும். ஸ்ரீரங்கமும் அவருடைய தொகுதிக்குள்தான் இருக்கிறது. மணவிலக்கால் ஈ.சி.எச்.எஸ். உரிமை இழந்தவர்கள் ஆண்டுவாரியாக எத்தனை பேர், அவர்களில் தொடர் சிகிச்சையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுத்துமூலம் பதில் கேட்க வேண்டும். அமைச்சகத்திடம் அந்தக் கணக்கு இல்லையென்றால் அதையும் அவையிலேயே ஒப்புக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இந்தத் திருத்தத்தை இன்னொரு குழுவிடம் தள்ளிவிடாமல், வரும் ஏப்ரல் 1-க்குள் ஆணையாக வெளியிட வேண்டும். திட்டம் தொடங்கியதும் ஓர் ஏப்ரல் 1 அன்றுதான். ஆணையின் தமிழ் நகல் ஒவ்வொரு பாலிகிளினிக்கின் பதிவு கவுன்ட்டரிலும் ஒட்டப்பட வேண்டும். ஏற்கெனவே கார்டு இழந்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்ற வாசகம் அதில் இடம்பெற வேண்டும். அதுவரை புதிதாக யாருடைய கார்டையும் ரத்து செய்யக் கூடாது.